கண்ட்ரோல் தவறினால் முடிவு வெளியே போகாது

மூன்று நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் குரல் பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்கே ஐந்து குழுக்களிலிருந்து வந்துவிட்டது. அதில் பேசும் தம்பியுடைய அம்மாவின் டெங்கி பரிசோதனை முடிவு மாலையில் வரவேண்டியது, மறுநாள் காலையில்தான் வந்ததாம். கேட்டதற்கு, "கண்ட்ரோல் சரியாக வரவில்லை, மறுபடி செய்கிறோம்" என்றார்களாம். "வேலைக்கள்ளிக்குப் பிள்ளைமேல் சாக்கு, இவர்களுக்குக் கண்ட்ரோல்மேல் சாக்கு" என்று அந்தத் தம்பி பேச்சை முடிக்கிறார். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல்கள். தட்டியவர்களில் நான்கு பேர் என் சொந்தக்காரர்கள்.

அது நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடம் இல்லை. ஆனாலும் இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை.

கண்ட்ரோல் என்றால் என்ன என்று யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம். நோயாளிகளின் இரத்தத்தைச் சோதிக்கும்போது, விடை முன்பே தெரிந்த மாதிரிகளையும் சேர்த்துச் சோதிப்போம். ஒன்றில் நாங்கள் தேடும் பொருள் உண்டு, இன்னொன்றில் இல்லை. உண்டு என்பதை உண்டு என்றும் இல்லை என்பதை இல்லை என்றும் கருவி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தச் சுற்றில் இருந்த எவருடைய முடிவையும் நம்ப முடியாது. சிராங்கூன் சாலை நகைக்கடையில் தராசு சுழியத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் ஒரு கிராம் தங்கம் வாங்குவீர்களா? அம்மாவின் இரத்தத்துக்கு மட்டும் அது வேண்டாமா?

கண்ட்ரோல் தவறினால் முடிவு வெளியே போகாது. யார் தொலைபேசியில் கத்தினாலும் போகாது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையின் கண்ட்ரோல் அளவுகளைத் தினமும் வரைபடத்தில் புள்ளியாகக் குறிப்பது என் பொறுப்பு. 1950இல் லெவியும் ஜென்னிங்ஸும் தொழிற்சாலைகளிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்த முறை அது. நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடுகள். என் புள்ளிகள் எல்லாம் எல்லைக்குள்தான் இருந்தன. சரியாகத்தான் செய்கிறேன் என்று நம்பியிருந்தேன். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு சீன அம்மையார். வரைபடத்தை அச்சிட்டுச் சுவரில் ஒட்டச் சொல்வார். ஒருநாள் அதன் முன் நின்று, ஆள்காட்டி விரலை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்திக்கொண்டே வந்தார். "எல்லாம் ஏன் கோட்டுக்குக் கீழேயே இருக்கின்றன?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன். தொடர்ந்து பத்துப் புள்ளிகள். எல்லாம் சரியாக இருந்தால் அவை சராசரிக் கோட்டுக்கு மேலும் கீழுமாகச் சிதறியிருக்க வேண்டும்.

என்னை அழைத்துக்கொண்டு நேராகக் குளிர்பதனப் பெட்டியிடம் போனார். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுக்கச் சொன்னார். எந்தப் பிடிப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. கதவைச் சுற்றியிருந்த ரப்பர் ஓரிடத்தில் தளர்ந்து, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பரிசோதனைத் திரவங்கள் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியிருக்கின்றன. உள்ளே வெப்பமானி மேல்தட்டில் இருந்தது, திரவங்கள் கதவோரம் இருந்தன.

அன்று இரவு பத்தரை மணிவரை, எடுத்துவைத்திருந்த பழைய மாதிரிகளை எல்லாம் புதிய திரவத்தில் மறுபடி சோதித்தோம். 'இல்லை' என்று நாங்கள் அனுப்பியிருந்த ஒரு முடிவு 'உண்டு' என்று மாறியது. அவர் ஒரு கர்ப்பிணி. தாய்க்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பது முன்பே தெரிந்தால், குழந்தை பிறந்தவுடன் தடுப்பூசியோடு நோயெதிர்ப்புப் புரத ஊசியும் போட்டுக் காப்பாற்றலாம். தெரியாவிட்டால்? அம்மையார் அப்போதே அவருடைய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. நான் கழிப்பறைக்குள் போய் அழுதேன். அந்தப் பத்துப் புள்ளிகளையும் வைத்தது என் கை.

இதைத்தான் சாக்கு என்கிறார்கள்.

"கிளினிக்கில் இருபது நிமிடத்தில் டெங்கி முடிவு வந்துவிடுகிறதே" என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். வருகிறது. அந்த விரைவுச் சோதனைப் பட்டையில் தெரியும் கண்ட்ரோல் கோடு, திரவம் ஒழுங்காக ஓடியது என்பதைத்தான் சொல்லும். பட்டைகள் இருந்த பெட்டியை வெயிலில் நின்ற வேனில் அரை நாள் வைத்திருந்தால், நோயைக் காட்ட வேண்டிய கோட்டின் திறன் குறைந்துவிட்டதா என்பதை அது சொல்லாது. காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பதும் முக்கியம். முதல் சில நாள் இரத்தத்தில் தேடுவது என்எஸ்1 என்ற டெங்கிக் கிருமியின் புரதத்தை, பிறகு உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்களை. 2020 தொடக்கத்தில் இதே சிங்கப்பூரில் இரண்டு பேருக்கு விரைவுச் சோதனை டெங்கி என்று காட்டியது. அவர்களுக்கு இருந்தது கொவிட். அது கண்ட்ரோலில் பிடிபடக்கூடிய தவறு இல்லைதான். ஆனால் வேகமாக வந்தது என்பதற்காக ஒரு முடிவை நம்பிவிடக்கூடாது என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

அந்த ஆண்டு மே மாதத்தை மறந்துவிட்டீர்களா? இல்லாத கொவிட் இருப்பதாக 33 பேருக்கு முடிவு போய், பிறகு சுகாதார அமைச்சு திருத்தி அறிவித்தது. ஒரு ஆய்வுக்கூடத்தில் ஒரு பரிசோதனைத் தொகுப்புக்கான கருவியின் அளவுத்திருத்தம் பிசகியிருந்தது. அன்று "இவர்கள் சரிபார்க்கவே மாட்டார்களா?" என்று கேட்டவர்கள்தான் இன்று "ஏன் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்?" என்கிறார்கள்.

2003 செப்டம்பரில் நான் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. சார்ஸ் ஒழிந்தது என்று எல்லாரும் மூச்சுவிட்ட நேரம். இங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் வெஸ்ட் நைல் என்ற வேறொரு கிருமியை ஆராய்ந்த ஒரு மாணவருக்கு சார்ஸ் வந்தது. அவர் கையாண்ட மாதிரியில் சார்ஸ் கிருமி கலந்திருந்தது. எங்கள் ஆசிரியர் அன்று பாடமே நடத்தவில்லை. அந்தச் செய்தியை மட்டும் இரண்டு முறை படித்துக் காட்டினார்.

"உங்களை யார் கண்காணிக்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உரிமம் இருக்கிறது, தணிக்கை இருக்கிறது. விடை சொல்லாமல் வெளியிலிருந்து மாதிரிகள் அனுப்பிச் சோதிக்கிறார்கள், நோயாளியின் மாதிரியைப் போலவே அதையும் செய்ய வேண்டும். "குடும்பத்துக்கு யாராவது முன்கூட்டியே தகவல் சொல்லியிருக்கலாமே" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது நியாயம். சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் கள்ளி என்ற சொல்? தீபாவளி அன்று என் பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நேரத்தில் நான் முதல் எம்ஆர்டி ரயிலில் இருப்பேன், ஏழு மணிக்குள் கண்ட்ரோல் ஓடியாக வேண்டும் என்பதற்காக. 2020இல் ஆறு மாதம் அம்மாவை வாசலில் நின்றுதான் பார்த்தேன். சாப்பாட்டை இரும்புக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். போன மாதம் ஒரு வளைகாப்பில் என் பெரியம்மா மகன் எல்லார் முன்னிலையிலும் கேட்டார்: "மெஷின்தானே எல்லாம் செய்கிறது, உனக்கு அங்கே என்ன வேலை?" நான் சிரித்துவிட்டு நகர்ந்தேன். அன்றே பதில் சொல்லியிருக்க வேண்டும். கைதட்டிய நான்கு பேரில் அவரும் ஒருவர். அண்ணே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் பேரப்பிள்ளை பிறக்கும் முன் உங்கள் மருமகளின் இரத்தமும் எங்களைப் போன்ற ஒருத்தியின் கைக்குத்தான் வரும். அன்றும் கண்ட்ரோல் தவறினால் முடிவு வெளியே போகாது.

குரல் பதிவு போட்ட தம்பிக்கும் ஒன்று. நூற்றுக்கணக்கான பின்னூட்டங்களை முழுவதும் படித்தேன். ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா? டெங்கியில் குறையும் இரத்தத் தட்டணுக்கள் ஏறத் தொடங்கிவிட்டனவா?