ஆசிரியர் 1 கிலோமீட்டருக்குள் குடியிருக்கச் சொல்கிறதா கல்வி உரிமைச் சட்டம்?

“கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி ஆசிரியர் பள்ளியிலிருந்து 1 கி.மீ. தூரத்துக்குள் குடியிருக்க வேண்டும், மீறினால் நடவடிக்கை” என்ற தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

2009-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆசிரியரின் கடமைகளைச் சொல்வது 24-ஆம் பிரிவு. நேரம் தவறாமல் பள்ளிக்கு வருவது, பாடத்திட்டத்தை உரிய காலத்தில் முடிப்பது, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பது, பெற்றோரைத் தவறாமல் சந்தித்து வருகை, முன்னேற்றம் பற்றிப் பேசுவது ஆகியவை அதில் உள்ளன. வீடு எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. கடமை தவறினால் பணிவிதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை உண்டு என்பது மட்டும் உண்மை.

அப்படியானால் அந்த 1 கி.மீ. எங்கிருந்து வந்தது? 2010-ஆம் ஆண்டு மத்திய விதிகளில் அது இருக்கிறது, ஆனால் குழந்தைக்காக. 1 முதல் 5-ஆம் வகுப்புக் குழந்தைக்கு நடந்து செல்லும் தூரமாக 1 கி.மீ.-க்குள்ளும், 6 முதல் 8 வரை 3 கி.மீ.-க்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்பதே விதி. அரசின் மீதுள்ள பொறுப்பை யாரோ ஆசிரியர் தலையில் கட்டிவிட்டார்கள்.

மாநில அரசு தன் பணிவிதிகளில் வசிப்பிட நிபந்தனை வைக்கலாமா என்பது தனிக் கேள்வி. மலைக்கிராமப் பள்ளிக்கு ஆசிரியர் பக்கத்திலேயே இருந்தால் நல்லதுதான். அதைக் கேட்பவர்கள் முதலில் அங்கே குடியிருப்பு கட்டித் தரச் சொல்லட்டும். இல்லாத சட்டத்தைக் காட்டி, இரண்டு பஸ் மாறி வரும் ஆசிரியையை மிரட்டுவது அநியாயம்.