சொறி எனும் ஜெல்லி மீன் வெறுமனே மிதப்பதில்லை
ஜெல்லி மீன்களைப் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் "ஜெல்லி மீன் நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போகும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

பிரான்சின் மேற்கே பிஸ்கே விரிகுடாவில், 'ரைசோஸ்டோமா' எனும் பதினெட்டுப் பெரிய சொறிகளின் உடலில் சின்னஞ்சிறு பதிவுக் கருவிகளைக் கட்டிவிட்டு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2015இல் முடிவு வெளியானது. நீரோட்டத்தின் திசையை எப்படியோ உணர்ந்து, அதற்கு எதிராகத் திரும்பி நீந்துகின்றன! மூளை என்று ஒன்றே இல்லாத உயிர் இது. இப்படி எதிர்நீச்சல் போடுவதால்தான் கூட்டம் சிதறாமலும் கரையில் ஒதுங்கிச் சாகாமலும் வாரக்கணக்கில் ஒரே பகுதியில் நிற்க முடிகிறது என்பது அவர்கள் கணக்கு.

அதற்காக நீரோட்டம் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. ஜப்பான் மீனவர்களைப் படாதபாடு படுத்தும் நொமுரா சொறி, மஞ்சள் கடல், கிழக்குச் சீனக் கடல் பக்கம் பிறந்து சுஷிமா வெப்ப நீரோட்டத்தில்தான் ஜப்பான் கடலுக்குள் வந்து சேர்கிறது. ஒவ்வொன்றும் 200 கிலோ வரை இருக்கும். 2009இல் வலை நிறைய இவை சிக்கி, பத்து டன் படகு ஒன்றே கவிழ்ந்துபோனது. ஆட்கள் தப்பினார்கள், நல்லவேளை.

இன்னொன்று. பெரும்பாலான சொறிகள் குஞ்சுப் பருவத்துக்கு முன், பாறையிலோ சிப்பியிலோ ஒட்டிய 'பாலிப்' எனும் நகராத சிற்றுயிராக இருக்கின்றன. அந்தப் பாலிப் எத்தனை குஞ்சுகளைப் பிரித்துவிடுகிறது என்பதையும் பொறுத்தது அந்த ஆண்டின் கூட்டம். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் காணோம். அடுத்த பகுதியில் எழுதுவீர்களா?