விஷமுறிவு ஊசி தடுப்பூசி அல்ல
"பாம்புக்கடிக்கு ஒரு தடவை விஷமுறிவு ஊசி போட்டால் அப்புறம் ஆயுளுக்கும் பயமில்லை" என்று ஒருவர் எழுதியிருப்பது ஆபத்தான தவறு. தடுப்பூசி நம் உடலையே ஆன்டிபாடி, அதாவது கிருமியையோ விஷத்தையோ பிடித்து முடக்கும் புரதம், தயாரிக்க வைக்கும். விஷமுறிவு மருந்தில் இருப்பதோ, பாம்பு விஷம் ஏற்றப்பட்ட குதிரை தயாரித்த ஆன்டிபாடி. சில வாரங்களில் உடலை விட்டுப் போய்விடும்.

ஒய் வடிவ ஆன்டிபாடியின் இரண்டு கைகள்தான் விஷத்தைப் பிடிப்பவை. அதனால் இந்திய மருந்தில் அடித்தண்டைப் பெப்சின் நொதியால் வெட்டிவிட்டுக் கைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியும் சிலருக்கு ஒவ்வாமை வரும், குதிரைப் புரதமாயிற்றே.

இன்னொன்று: இந்த மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டு தயாரிப்பது. குழிவிரியன் கடிக்கு இதை நம்ப முடியாது. மறுபடி கடித்தால் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.