அது பனி இல்லைங்க, புகை!

விடிகாலைல பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையா படர்ந்து கிடக்கிறதைப் பார்த்துட்டு "மலைக்காத்து மாதிரி வருமா"ன்னு பூரிச்சுப் போறவங்களைக் கண்டா வயிறு எரியுது. பனின்னா முடி நனையும், இலை நுனியில சொட்டும், வெயில் ஏறினதும் கரைஞ்சு போகும். அறுவடை முடிஞ்சதுலேருந்து முதல் மழை வரைக்கும் நிக்கிறது அது இல்ல. உச்சி வெயில்லயும் எதிர்மலையைப் பழுப்பு மஞ்சளா மறைச்சுக்கிட்டு நிக்கிதே, அது புகை.

எங்கேருந்து வருதுன்னு எல்லாருக்கும் தெரியும். மக்காச்சோளத் தட்டை, கவாத்து பண்ணின குச்சி, பிடுங்கின களை, சருகு, எல்லாத்தையும் குவிச்சு வச்சு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல தீ வைக்கிறது. ஏன் சாயங்காலம்? காத்து அடங்கியிருக்கும், தீ பக்கத்துக் காட்டுக்குத் தாவாது. பயம் நியாயமானதுதான். ஆனா தீயைத் தாவ விடாத அதே அமைதிதான் புகையையும் நகர விடாது. இந்த ஒரு விஷயத்தை எத்தனை தடவைதான் சொல்றது!

வறண்ட மாசத்துல வானத்துல மேகம் இல்ல. பொழுது சாய்ஞ்சதும் தரையோட சூடு விறுவிறுன்னு போயிடும். தரையை ஒட்டின காத்து குளிர்ந்து, கனத்து, சரிவுல தண்ணி மாதிரி வழிஞ்சு பள்ளத்துல தேங்கும். அதுக்கு மேல வெதுவெதுப்பான காத்து மூடி போட்டுக்கும். பகல்ல ஆயிரம் மீட்டருக்கு மேல ஏறிக் கலைய வேண்டிய புகை, ராத்திரி நூறு இருநூறு மீட்டருக்குள்ள அடைபட்டுக் கிடக்கும். மேட்டுல தீ வச்சவங்க நிம்மதியா தூங்குவாங்க. பள்ளத்துல இருக்கிற வீடுங்க விடிய விடிய அதை மூச்சா இழுக்கும். வெயில் தரையைச் சூடாக்கி மூடியை உடைக்கக் காலையில ஒன்பது பத்து மணி ஆகிடும்.

அதுலயும் பச்சைத் தட்டையைக் கொளுத்துறாங்க பாருங்க, அதுதான் கொடுமை! ஈரம் இருந்தா வெப்பம் தண்ணியைக் கொதிக்க வைக்கவே செலவாகும், சுவாலை வராது, புகைஞ்சுக்கிட்டே கிடக்கும். தட்டையை ஒடிச்சா 'படக்'னு முறியணும். வளைஞ்சா இன்னும் காயணும். எரிச்சே ஆகணும்னா பனி விலகினதும், மதியக் காத்து வலுக்கிறதுக்கு முன்னாடி, சின்னச் சின்னக் குவியலா எரிங்க. சுத்தியும் தரையை மண் தெரியச் செதுக்குங்க, தண்ணியோட ரெண்டு ஆள் நிக்கட்டும். குவியலோட தலையில பத்த வைங்க; அடியிலேருந்து கிளம்புற புகை மேல இருக்கிற சுவாலையில மாட்டி எரிஞ்சிடும். சரிவுக்குக் கீழ்ப்பக்கம் தீ வைக்கவே கூடாது. மேட்டைப் பார்த்து ஏறுற தீ ஆளைத் துரத்தும்.

எரிக்காமலே இருக்கலாமேன்னு கேட்டா, "தட்டையை மண்ணுக்கு மூடாக்கா போட்டோம், பயிர் மஞ்சளாயிடுச்சு"ன்னு பதில் வருது. தட்டையை மண்ணுக்குள்ள புதைச்சா அப்படித்தான் ஆகும். அதுல கரிச்சத்து (கார்பன்) மிகுதி, தழைச்சத்து (நைட்ரஜன்) கம்மி. மட்க வைக்கிற நுண்ணுயிர் மண்ணுல இருக்கிற தழைச்சத்தை இழுத்துக்கும், பயிர் பட்டினி கிடக்கும். புதைக்காதீங்க, முழ நீளத்துக்கு வெட்டி மேலாகப் பரப்புங்க, தண்டை ஒட்டாம நாலு விரல் இடைவெளி விட்டு. இல்லைன்னா சாணியும் பச்சைத் தழையும் கலந்து, குறைஞ்சது ஒரு மீட்டர் உயரத்துக்குக் குவிச்சு, கையில பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வர்ற ஈரத்துல வைங்க. சூடு ஏறலைன்னா காய்ஞ்சிருக்கு, நாறினா ஈரம் கூடிப்போச்சு. எரிச்சா தழைச்சத்து பெரும்பாலும் புகையோடயே போயிடும். மிஞ்சின சாம்பல் சத்தையும் முதல் மழை சரிவுல அடிச்சுக்கிட்டுப் போயிடும். காசு குடுத்து வாங்கின உரம்ங்க அது!

"அளந்து பார்த்தீங்களா, ஆதாரம் எங்க?"ன்னு ஒரு கேள்வி வேற. தீயைக் கண்டுபிடிக்கிற முக்கியமான செயற்கைக்கோள்கள்ல சில மதியம் ஒன்றரை மணி வாக்குல கடக்கும், அடுத்தது நடுராத்திரி தாண்டி அதே ஒன்றரைக்கு. அஞ்சு மணிக்கு வச்சுப் பத்து மணிக்குள்ள அடங்குற சின்னத் தீ அதுங்க கண்ணுல படுறது கஷ்டம். காத்துல இருக்கிற தூசை எண்ணுற மலிவான லேசர் அளவி வாங்கி மாட்டலாம், நல்லதுதான். ஆனா பனி நேரத்துல ஈரத்துளியையும் தூசுன்னு எண்ணி எக்கச்சக்கமா காட்டும். அதனால ஈரப்பதத்தையும் சேர்த்தே குறிச்சு வைங்க. ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல இருக்கிறப்ப வர்ற எண்ணை அப்படியே நம்பாதீங்க. மதியம் 40 சதவீதத்துல எண் எகிறுதுன்னா அது பனி இல்ல, தர்க்கமே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொன்ன அளவு, 24 மணி நேரச் சராசரியா ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு மிகாத நுண்துகள். ஒரு நாள் முழுக்கக் கூட்டிச் சராசரி எடுத்து அதோட ஒப்பிடுங்க, ஒரு நிமிஷ எண்ணை வச்சு இல்ல.

துணியை முகத்துல கட்டிக்கிட்டா போதும்னு நினைக்காதீங்க. தலைமுடிப் பருமன்ல இருபதுல ஒரு பங்குகூட இல்லாத துகள் அது, துணியில நிக்காது. எரிக்கிற இடத்துல நிக்கிறவங்களுக்கு என்95 முகக்கவசம் வேணும், மூக்கோரம் இடைவெளி இல்லாம அழுத்திப் போடணும். தாடி இருந்தா அதுவும் ஒழுகும். ராத்திரி ஜன்னலைச் சாத்தினவங்க, புகை கலைஞ்சதும் மறக்காம திறந்து விடுங்க. விறகடுப்பு எரியுற வீட்டுல ஜன்னலைச் சாத்தி வைக்காதீங்க, உள்புகை வெளிப்புகையைவிட மோசம். இத்தனையும் பண்ணினாலும், புகை தரையோட தரையா கிடக்கிற அந்த ஏழு எட்டு மணிக்குத்தான் பிள்ளைங்க பையை மாட்டிக்கிட்டு அதுக்குள்ள நடந்து பள்ளிக்கூடம் போகுதுங்க. முந்தின நாள் சாயங்காலம் வத்திக்குச்சியைக் கிழிக்கிறப்ப அந்த நினைப்பு ஒருத்தருக்காவது வரக்கூடாதா?