மூழ்கிய கப்பலில் வந்த பூட்டன்

எங்கள் பூட்டன் இலங்கைக்கு வந்த வருஷத்துக்கு மூன்று ஆதாரம் இருக்கிறதாம். "அண்ணே, நீங்க 1926னு தப்பாப் போட்டிருக்கீங்க. நெட்ல மூணு குடும்ப மரத்துலயும் 1922னுதான் தெளிவா இருக்கு" என்று எனக்கே பாடம் எடுக்கிறான், தம்பி முறைக்காரன்.

தெளிவா! அந்த 1922ஐ முதலில் போட்டதே நான்தானடா. பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் வைத்திருந்தேன். "காவேரி வெள்ளத்துக்கு ரெண்டு வருஷம் முந்தி எங்கப்பா கண்டிச்சீமைக்கு வந்தாரு" என்று அப்பாயி சொன்னதுதான் கணக்கு. வெள்ளம் 1924. இரண்டைக் கழித்தேன், கேள்விக்குறி போட்டேன். ஒரு கிழவியின் ஞாபகத்தை அதற்கு மேல் நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

முதல் புண்ணியவான் நகலெடுத்தபோதே கேள்விக்குறி காணாமல் போனது. அவரிடமிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து மற்றவர். எப்படித் தெரியும் என்கிறீர்களா? பூட்டனின் ஊரான துறையூரை அவசரத்தில் 'துரையூர்' என்று தட்டித் தொலைத்திருந்தேன். மூன்று மரத்திலும் துரையூர்! என் எழுத்துப்பிழைகூட வம்சம் வளர்த்துவிட்டது.

மூன்றாவது மகான் சும்மா நகலெடுக்கவில்லை, ஆராய்ச்சியும் செய்திருக்கிறார். வந்த கப்பல்: ஆதிலட்சுமி. தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வந்து 1864இல் மூழ்கிய கப்பல் அது. 58 வருஷம் கடலடியில் கிடந்து, எங்கள் பூட்டனுக்காக எழும்பி வந்திருக்கிறது போல. 1914இலிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ஸ்டீமர் ஓடியதெல்லாம் யாருக்கு வேண்டும்?

போன மாதம் தகரப்பெட்டியில் பூட்டன் 1950இல் போட்ட பிரஜாவுரிமை மனுவின் நகல் கிடைத்தது. வந்த வருஷம் 1926. அப்பாயி 'பிந்தி'யை 'முந்தி' ஆக்கியிருக்கிறார், அவ்வளவுதான். மனுவிலும் பூட்டன் கூட்டிக் குறைத்துச் சொல்லியிருக்கலாம், சரி. ஆனால் இன்ன கடதாசி, இன்ன வருஷம் என்று காட்ட முடிகிறதே. பிரஜாவுரிமை வேண்டுமா, குடும்பஸ்தன் என்றால் 7 வருஷம், தனி ஆள் என்றால் 10 வருஷம் இந்த நாட்டில் விடாமல் இருந்ததை நிரூபி என்று கேட்டார்கள். ஒரு துண்டுக் கடதாசி குறைந்தவனுக்கு நாடே இல்லாமல் போனது. அந்தச் சனத்தின் பேரப்பிள்ளைகள் விசையை ஒரே தட்டுத் தட்டி ஆதாரம் செய்கிறார்கள்.

மனுவைப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் வந்தது: "ஆனா அண்ணே, மூணு பேர் சொல்றாங்களே?"

அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அந்தக் கப்பல யாரு தூக்கிவிட்டது?" என்றார். சிரித்து முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் இருக்கும் லயத்துக் (தோட்டத்து வரிசை வீடு) கூரை ஒழுகுது என்று தோட்ட நிர்வாகத்திடம் ரெண்டு வருஷமாகச் சொல்கிறோம், நேரில் வந்து பார்த்தால்தான் நம்புவார்களாம். எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பிரா, அதாவது வீட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அறை. பன்னிரண்டு பேரும் சொல்கிறோமே!