எந்தக் கடையில் கிடைக்கும்?

மகளின் பிறந்தநாளுக்குக் கேக் அடிக்கலாம் என்று இறங்கினேன். குறிப்பில் பட்டர்மில்க் என்ற புளிப்புப் பால் ஒரு கப், எந்தக் கடையிலும் கிடைக்கும் என்றிருந்தது. எந்த ஊர்க் கடையில்? திருகோணமலைச் சந்தையிலிருந்து உவர்மலை வரை வெயிலில் அலைந்து கால் கடுத்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு கப் பாலில் ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி விட்டு 10 நிமிடம் வைத்தேன். பால் மெல்லத் திரிந்து, சின்னச் சின்னத் திட்டாகக் கட்டியது. வேண்டியது அந்தப் புளிப்புத்தான், அதுதான் அப்பச்சோடாவோடு சேர்ந்து கேக்கைப் பொங்க வைக்கிறது. இந்த ஒரு வரியை எழுதினால் என்ன? கிறீம் சீஸ் என்றால் இன்னும் கொடுமை. அதற்குப் பதிலாக எங்கள் எருமைத் தயிரைத் துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிட்டால் கெட்டியாக, அருமையாக வரும். அதையும் நானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சமையல் குறிப்பு எழுதுகிறவர்களே, கிடைக்காவிட்டால் என்ன போடலாம் என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.