கேள்வி கேட்டவரா அகந்தைக்காரர்?

நேற்றைய கருத்தரங்கில் ஓர் அணையைப் பற்றிப் பேச்சு நடந்தது. "அந்த அணையைவிட எங்கள் ஊர் ஏரி மதகு எந்த வகையில் குறைந்தது?" என்று கேட்ட மாணவரிடம், "யேலாங் அரசனைப் போலப் பேசாதீர்கள்" என்றார் மேடையில் இருந்த மூத்தவர். அவையும் சிரித்தது. தன் சிறுமை அறியாமல் தன்னைப் பெரிதாக எண்ணுபவரைக் கேலி செய்யும் அந்தச் சீனப் பழமொழியின் கதையைச் சிரித்தவர்களில் எத்தனை பேர் முழுமையாகப் படித்திருப்பார்கள்?

சிச்சுவான் துணியும் மூங்கில் கழியும் இந்தியா வழியாக, இன்றைய ஆப்கானிஸ்தான் பகுதியில் இருந்த பாக்திரியாவுக்கு வந்து சேர்வதைத் தாம் கண்டதாகத் தூதர் சாங் சியான் சொன்னதைக் கேட்டு, கி.மு. 122 அளவில் சீனாவை ஆண்ட ஹான் பேரரசர் வூ இந்தியாவுக்கு வழி தேடித் தென்மேற்கு மலைநாடுகளுக்குத் தூதர்களை அனுப்பினார். இன்றைய யுன்னானில் இருந்த தியான் நாட்டு அரசர் அவர்களிடம், "ஹான் பெரியதா, எங்கள் நாடு பெரியதா?" என்று கேட்டார். குய்சோ பகுதியில் இருந்த யேலாங்கின் தலைவரும் அதையே கேட்டார். முதலில் கேட்டவர் தியான் அரசர். பழியை இன்றுவரை சுமப்பவர் யேலாங் அரசர்.

இதைப் பதிவு செய்த வரலாற்றாசிரியர் சிமா சியான் காரணத்தையும் அங்கேயே எழுதியிருக்கிறார்: பாதைத் தொடர்பு இல்லாததால் ஹானின் பரப்பை அவர்கள் அறியவில்லை. பாதை இல்லை, அவ்வளவுதான். அதே அத்தியாயத்தின் தொடக்கத்தில், தென்மேற்குத் தலைவர்களின் நாடுகளுள் யேலாங்கே மிகப் பெரியது என்றும் அவர் குறிக்கிறார். தாம் அறிந்த உலகில் தம் நாட்டைவிடப் பெரிய நாட்டைக் கண்டிராத ஒருவர், தொலைவிலிருந்து வந்தவரிடம் விவரம் கேட்டார். அகந்தை உள்ளவர் கேட்டிருக்கவே மாட்டார். தாமே பெரியவர் என்று முடிவு செய்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்.

பிற்காலத்து யேலாங் அரசர் ஒருவர் ஹான் அதிகாரியின் மர உருவத்தைச் செய்து அம்பெய்தாரே என்று சிலர் எடுத்துக்காட்டக்கூடும். அது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிந்தைய வேறோர் அரசரின் செயல். அதற்கும் இந்தக் கேள்விக்கும் தொடர்பில்லை. பழமொழியின் பொருள் எப்போதோ நிலைத்துவிட்டது, இனி வாதாடி என்ன பயன் என்பார்கள். நிலைத்துவிட்டது என்பதாலேயே கேள்வி கேட்டவர் குற்றவாளி ஆகிவிடுவாரா?

எனக்கு இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். நகரத்துக் கல்லூரியில் சேர்ந்த புதிதில், "எங்கள் ஊர் நூலகத்தைவிட இங்குள்ள நூலகம் பெரியதா?" என்று வகுப்பில் கேட்டேன். ஆசிரியர் உட்பட அனைவரும் சிரித்தார்கள். அந்த நூலகத்துக்கு என்னை அழைத்துச் சென்று காட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. படிப்பு முடியும்வரை நான் வகுப்பில் வேறு எதையும் கேட்கவில்லை.

இளைஞர்களுக்குப் பணிவு வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். வேண்டும்தான். ஆனால் அன்று என்னிடம் வந்து சேர்ந்தது பயம். அதைப் பணிவென்று எண்ணி என்னை மற்ற மாணவர்கள் முன்னால் பாராட்டிய ஆசிரியர்களும் இருந்தார்கள். அந்தச் சிரிப்பைக்கூட மன்னித்துவிட்டேன், அந்தப் பாராட்டை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.